சீடர் பாயிண்டில் ஒரே நாள்: வரிசையில் வாடாமல் பெரிய ரோலர் கோஸ்டர்கள் எல்லாவற்றிலும் ஏறும் வழி

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சாண்டஸ்கி ஊரிலிருந்து ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மெல்லிய நிலத்துண்டின் மேல் இருக்கிறது சீடர் பாயிண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா. 1870-ல் ஏரிக் குளியலுக்கான கடற்கரை போலத் தொடங்கிய இடம். 1892-ல் முதல் ரோலர் கோஸ்டர் வந்தபோது அதன் உயரம் வெறும் 25 அடி. இன்று அதே மணலில் 420 அடிக் கோபுரம் நிற்கிறது. பரப்பு 364 ஏக்கர்.

இங்கே ஒரு நாளில் எத்தனை ஏறினோம் என்பதை முடிவு செய்வது வரிசைதான். துணிச்சலுக்கும் கையில் இருக்கும் பணத்துக்கும் அதில் பங்கு குறைவு. எந்த ரைடு மணிக்கு எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறது, அது பூங்காவின் எந்த மூலையில் இருக்கிறது என்ற இரண்டும் மனதில் இருந்தால், கூட்ட நாளிலும் எட்டு ஒன்பது பெரிய கோஸ்டர்கள் கிடைக்கும். தெரியாமல் போனால் வாசலுக்குப் பக்கத்திலேயே மூன்று வரிசைகளில் மதியம் கழிந்துவிடும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

பூங்கா மே மாதத் தொடக்கத்தில் திறந்து இலையுதிர் காலத்தோடு மூடும். எல்லா நாளும் திறந்திருக்காது. செப்டம்பர் முதல் வாரத்துத் தொழிலாளர் தின விடுமுறைக்குப் பிறகு பெரும்பாலும் வாரக் கடைசி நாட்கள் மட்டுமே.

ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளையும் அக்டோபர் சனிக்கிழமைகளையும் கண்ணை மூடிக்கொண்டு தவிர்த்துவிடுங்கள். அக்டோபரில் பேய்த் திருவிழா அலங்காரம் பார்க்கவே பெருங்கூட்டம் வரும். ஆகஸ்ட் பிற்பகுதியில் உள்ளூர்ப் பள்ளிகள் திறந்த பிறகு வரும் செவ்வாய், புதன், வியாழன் மிக நல்ல நாட்கள். செப்டம்பர் ஞாயிறும் பரவாயில்லை. மே மாத வார நாட்களில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரும். அந்தக் கூட்டம் பிற்பகலில் கலைந்துவிடும், மாலை காலியாகக் கிடைக்கும்.

மே மாதக் குளிரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஏரி தண்ணீர் சூடேற நாளாகும். ஊருக்குள் வெயில் அடித்தாலும் கரையில் காற்று ஊசி போலக் குத்தும். குளிரில் சக்கரங்களின் பிளாஸ்டிக் மேலுறையும் பேரிங் மசகும் இறுகுவதால் ரயில் மெதுவாகவே ஓடும். மேடு ஏறப் போதுமான வேகம் இல்லாமல் ரயில் பள்ளத்தில் நின்றுவிடும் அபாயம் இருப்பதால் சில ரைடுகளைத் திறக்கவே மாட்டார்கள். அதிகாலைக் குளிர் நாளில் பெரிய ரைடுகள் பத்தரை, பதினொன்று வரை காலியாக ஓடிக்கொண்டிருப்பதன் காரணமும் இதுதான்.

லேசான மழை முன்னறிவிப்பைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். மழை நாளில் பாதிக் கூட்டம் வராது. தூறலில் பல கோஸ்டர்கள் ஓடும். இடி மின்னல் வந்தால் மட்டும் எல்லாம் நிற்கும்.

டிக்கெட், பணம், உடை

வாசலில் டிக்கெட் வாங்குவதுதான் மிக விலை கூடிய வழி. முன்கூட்டி ஆன்லைனில், தேதி குறித்து வாங்குங்கள். கார் நிறுத்தக் கட்டணம் தனி. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இரண்டு தடவை வரும் எண்ணம் இருப்பவர்களுக்கு சீசன் பாஸ் பெரும்பாலும் மலிவாக முடியும். 2024 ஜூலை 1 முதல் இந்தப் பூங்கா, பல கேளிக்கைப் பூங்காக்களை நடத்தும் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டதால், எந்தப் பாஸ் எந்தப் பூங்காக்களுக்குச் செல்லும் என்பதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

உள்ளே ரொக்கம் செல்லாது. கார்டு அல்லது கைப்பேசி வழிதான். பிள்ளைகள் கையில் டாலர் நோட்டைக் கொடுத்து அனுப்பினால் ஒரு ஐஸ்கிரீம் கூட வாங்க முடியாது.

உடை விஷயத்தில் இரண்டு சொல். துப்பட்டா, சேலைத் தலைப்பு, நீளமான சங்கிலி இவை வேண்டாம். காலுக்குப் பின்பட்டி உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். நாள் முழுக்க எட்டு, பத்து கிலோமீட்டர் நடை சாதாரணம். கண்ணாடி அணிபவர்கள் பின்னால் கட்டும் பட்டை வாங்கிக்கொண்டு போங்கள்; மணிக்கு 150 கி.மீ. காற்று காதில் மாட்டிய எதையும் விட்டுவைக்காது.

பிள்ளைகளின் உயரம்

பெற்றோர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. விதிகள் அங்குலத்தில் எழுதப்பட்டிருக்கும். மில்லினியம் ஃபோர்ஸ், மேக்னம், ஜெமினி, ப்ளூ ஸ்ட்ரீக் ஆகிய கோஸ்டர்களுக்கு 48 அங்குலம், அதாவது 122 செ.மீ. கேட்கீப்பர், வால்ரேவன், ஸ்டீல் வெஞ்சன்ஸ், டாப் த்ரில் 2 ஆகியவற்றுக்கு 52 அங்குலம், 132 செ.மீ. ராப்டருக்கு 54 அங்குலம், 137 செ.மீ.

வீட்டுச் சுவரில் காலையில் ஷூவோடு அளந்த அளவை நம்பி வராதீர்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக உயரத்தை அளந்து, அதற்கான நிறப் பட்டையைக் கையில் கட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, கடைசிப் படியில் அளவுகோல் வைத்துப் பார்த்து, "தம்பி, இன்னும் அரை அங்குலம் வேணும்" என்று திருப்பி அனுப்பும்போது பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது.

ஒருவர் சிறு பிள்ளையோடு வெளியே இருக்க, மற்றவர் ஏறி வந்து இடம் மாற்றிக்கொள்ளும் பெற்றோர் ஏற்பாடும் உண்டு. இரண்டாமவர் மறுபடி முழு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வரிசைக்குள் போகும் முன்பே ஊழியரிடம் கேட்டுவிடுங்கள்.

வந்து சேர்வது

கிளீவ்லாண்டிலிருந்தும் டொலீடோவிலிருந்தும் கிட்டத்தட்ட ஒரே தூரம், 60 மைல் வாக்கில். ஒஹையோ டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையில் வருபவர்கள் 118-ஆம் வெளியேற்றத்தில் இறங்கி 250-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே வர வேண்டும். கடைசியில் ஏரியின் மேல் போட்ட காஸ்வே சாலை. நிலத்துண்டுக்குள் போக இதைத் தவிர மணல் திட்டு வழியாகச் செல்லும் பழைய சாலை ஒன்றுதான் உண்டு, அது குறுகல். அதனால் சனிக்கிழமை காலை காஸ்வேயில் கார்கள் ஊர்ந்துதான் போகும். திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே காரை நிறுத்தியிருக்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள்.

பூங்காவின் ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கும் சில வகைப் பாஸ்காரர்களுக்கும் முன்நுழைவு உண்டு. எந்த ரைடுகள் அப்போது திறக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1905-ல் கட்டிய ஹோட்டல் பிரேக்கர்ஸ் கடற்கரையை ஒட்டியே இருக்கிறது. 

முதல் இரண்டு மணி நேரம்

பூங்கா நீளவாக்கில் ஒல்லியானது. முன்வாசலின் தலைக்கு மேலேயே கேட்கீப்பர் பறக்கும். உள்ளே வந்ததும் ராப்டர், ப்ளூ ஸ்ட்ரீக், வால்ரேவன். நடுவில் டாப் த்ரில் 2, அடுத்து மில்லினியம் ஃபோர்ஸ். கடைக்கோடியில் ஃப்ரன்டியர் டவுன். அங்கேதான் ஸ்டீல் வெஞ்சன்ஸும் மேவரிக்கும்.

கதவு திறந்ததும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கண்ணில் படும் முதல் ரைடில் நின்றுவிடுவார்கள். நீங்கள் எதையும் பார்க்காமல் நேராகக் கடைசிக்கு நடங்கள். நல்ல நடைக்கு 15 முதல் 20 நிமிடம். ஹோட்டல் வழியாகவோ நீர்ப் பூங்கா பக்க வாசல் வழியாகவோ வர முடிந்தால் மேக்னம் அருகில் நுழைவீர்கள், தூரம் பாதியாகக் குறையும்.

முதலில் ஸ்டீல் வெஞ்சன்ஸ். 1991-ல் கட்டிய மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டர் 2016-ல் ஓய்வு பெற்றது. அதன் மரச் சட்டத்தின் மேலேயே எஃகுத் தண்டவாளம் பதித்து 2018-ல் இதைத் திறந்தார்கள். 205 அடி உயரம், செங்குத்தான இறக்கம், மணிக்கு 119 கி.மீ., நான்கு தலைகீழ்ச் சுழற்சிகள். இருக்கையை விட்டு உடம்பு எழும்புவது இந்த அளவுக்கு எங்கும் கிடைப்பது அரிது. அதனால்தான் கைப்பேசி, சாவி போன்றவற்றைத் தளர்வாகக் கொண்டு ஏற விடமாட்டார்கள். வரிசையில் சேரும் முன்பே லாக்கரில் வைத்துவிடுங்கள். பாதி வரிசையில் நினைவு வந்து திரும்பினால் அத்தனை நேரமும் வீண். ஒரு ரயிலுக்கு 24 பேர்தான், அதனால் பதினொரு மணிக்கு மேல் வரிசை மளமளவென்று நீளும்.

இறங்கியதும் இரண்டு மூன்று நிமிட நடையில் மேவரிக். உயரம் 105 அடிதான், பார்க்க அடக்கமாக இருக்கும். ஆனால் முதல் இறக்கம் 95 பாகை, அதாவது செங்குத்தைத் தாண்டி உள்பக்கம் மடங்கும். நடுவே இருட்டுச் சுரங்கத்தில் காந்த மோட்டார்கள் ரயிலை மணிக்கு 113 கி.மீ. வேகத்துக்குத் தள்ளிவிடும். ரயிலுக்கு 12 பேர்தான். ஆறு ரயில் ஓடினால்தான் சமாளிக்க முடியும். ஒன்று குறைந்தாலும் வரிசை ஊர்ந்துதான் நகரும். ஆகவே இந்த இரண்டையும் காலையிலேயே முடிப்பதுதான் நாளின் பாதி வெற்றி.

ஸ்டீல் வெஞ்சன்ஸ் திறக்கத் தாமதமானால் அங்கேயே நிற்காதீர்கள். காலியாக ரயில் ஓடுகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். ஓடினால் சோதனை நடக்கிறது, கொஞ்ச நேரத்தில் திறக்கும். தண்டவாளத்தில் அசைவே இல்லையென்றால் மேவரிக்குக்குப் போய்விட்டுத் திரும்புங்கள்.

அங்கிருந்து மரநிழலான ஃப்ரன்டியர் பாதை வழியே நடந்தால் மில்லினியம் ஃபோர்ஸ்.

வரிசையை எண்ணிப் பார்க்கும் கணக்கு

செயலியில் காட்டும் காத்திருப்பு நேரம் ஒரு மதிப்பீடு மட்டும்தான். நீங்களே எண்ணுவது அதைவிடச் சரியாக வரும். மில்லினியம் ஃபோர்ஸை வைத்துப் பார்ப்போம்.

ஒரு ரயிலில் 9 பெட்டிகள், பெட்டிக்கு 4 பேர், ஆக 36 பேர். கைக்கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடத்தில் எத்தனை ரயில் மேடு ஏறுகிறது என்று எண்ணுங்கள். மூன்று ஏறினால் மணிக்கு 36 ரயில், 1,296 பேர். இரண்டுதான் ஏறியதென்றால் மணிக்கு 864 பேர். இப்போது உங்களுக்கு முன்னால் இருப்பவர்கள்: ஒரு நேர்க்கோட்டு வரிசையில் எத்தனை தலை என்று எண்ணி, எத்தனை மடிப்பு இருக்கிறதோ அதால் பெருக்குங்கள். 650 பேர் என்று வந்தால், மூன்று ரயில் வேகத்தில் 30 நிமிடம், இரண்டு ரயில் வேகத்தில் 45 நிமிடம். அதே வரிசை, அதே நீளம், கால் மணி நேர வித்தியாசம். தனிக் காசு கொடுத்து விரைவு வரிசையில் வருபவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதே கணக்கால் மற்ற ரைடுகளும் புரியும். ராப்டர் ரயிலுக்கு 32 பேர், சீக்கிரம் அனுப்புவார்கள். வரிசை பயமுறுத்தும், ஆனால் நகரும். வால்ரேவன் 24 பேர்தான், உச்சியில் சில நொடி தொங்கவிட்டுத்தான் இறக்கும். ஜெமினி இரண்டு தண்டவாளத்தில் 30 பேர் கொண்ட ரயில்களைப் போட்டி போட்டு ஓட்டும். நடுப்பகலிலும் வரிசை சிறியதாகவே இருக்கும்.

மில்லினியம் ஃபோர்ஸ் பற்றி இன்னொன்று. 2000-ல் திறந்தபோது சங்கிலிக்குப் பதில் கம்பிவடத்தால் இழுத்து 310 அடிக்கு ஏற்றினார்கள், அதனால் ஏற்றமே வேகமாக இருக்கும். இறக்கம் 300 அடி, அதாவது 91.4 மீட்டர். உராய்வே இல்லையென்றால் அடியில் வேகம் மணிக்கு சுமார் 152 கி.மீ. வர வேண்டும். உண்மையில் வருவது 150. இரண்டு கிலோமீட்டர்தான் காற்றும் சக்கரமும் எடுத்துக்கொள்கின்றன. பள்ளிக்கூட இயற்பியல் பாடம் கண்முன்னே நிற்பதை இவ்வளவு தெளிவாகப் பார்க்கும் இடம் குறைவு.

எங்கே உட்காருவது? முன் இருக்கையில் காற்றும் காட்சியும். பின் இருக்கையில், முன்பெட்டிகள் இறங்கத் தொடங்கிவிட்டதால் உச்சியைக் கடக்கும்போதே இழுத்துக்கொண்டு போகும், உடம்பு எழும்பும். முதல் ஏற்றத்துக்கு நடுவரிசை போதும்.

நடுப்பகல்

பதினொன்றரை முதல் நாலரை வரை பெரிய ரைடு எதற்கும் போகாமல் இருப்பது நல்லது. இந்த நேரத்துக்கென்றே இங்கே பொக்கிஷங்கள் உண்டு.

சீடர் டவுன்ஸ் 1920-ல் செய்த குதிரைப் பந்தய ராட்டினம். நான்கு நான்காக 64 குதிரைகள். சுற்றும்போதே ஒவ்வொரு குதிரையும் முன்னும் பின்னும் நகரும், எது ஜெயிக்கும் என்று கடைசி வரை தெரியாது. சாதாரண ராட்டினம் என்று நினைத்துப் பிடியைத் தளர்த்தாதீர்கள், வேகம் அதிகம். வெளிப்பக்கம் உட்காருபவர்கள் உள்பக்கம் சாய்ந்து பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த வகையில் மிஞ்சியிருப்பவை இரண்டே.

1963 முதல் ஓடும் நிலக்கரி நீராவி ரயில் சுற்றுலாவுக்கு மட்டுமில்லை, கால் வலிக்கும்போது முன்பகுதியிலிருந்து பின்பகுதிக்குப் போகும் வாகனமும் அதுதான். ப்ளூ ஸ்ட்ரீக் 1964-ன் மரக் கோஸ்டர், 78 அடி. முதல் முறை ஏறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. சிறு பிள்ளைகளுக்கு ஸ்னூப்பி என்ற கார்ட்டூன் நாயின் பெயரில் இரண்டு பகுதிகள் உண்டு.

தண்டர் கேன்யன் படகில் ஏறினால் ஷூ வரை நனையும். நனைந்த சாக்ஸோடு மீதி நாள் நடந்தால் கொப்புளம் உறுதி. மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி காரில் இருக்கட்டும்.

சாப்பாட்டை பன்னிரண்டுக்கு முன்போ இரண்டுக்குப் பின்போ வையுங்கள். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுவர முடியாது. காரில் புளியோதரை வைத்திருப்பவர்கள் வெளியே போய்ச் சாப்பிட்டுத் திரும்பலாம், வெளியேறும் முன் மறுநுழைவு அடையாளம் வாங்கிக்கொள்ளுங்கள். சைவம் தேடுபவர்களுக்கு வினிகர் தெளித்த புதிய உருளைக்கிழங்கு வறுவல் இங்கே பெயர் பெற்றது. எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்ததும் முக்கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

விரைவு வரிசைக்கான ஃபாஸ்ட் லேன் கைப்பட்டை தனிக் காசு. வார நாளில் மேலே சொன்ன வரிசைப்படி போனால் தேவைப்படாது. ஒரே நாள்தான் இருக்கிறது, அதுவும் சனிக்கிழமை என்றால் மட்டும் யோசியுங்கள். வாங்கும் முன், உங்களுக்கு வேண்டிய ரைடு அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடிக்கடி நிற்கும் ரைடுகளும் அதன் காரணமும்

டாப் த்ரில் 2 மூன்று முறை தள்ளும்: முன்னோக்கி மணிக்கு 119 கி.மீ., பின்னோக்கி 163 கி.மீ., மீண்டும் முன்னோக்கி 193 கி.மீ. அதற்குப் பிறகுதான் 420 அடிக் கோபுரத்தைத் தாண்டும். பின்னால் இன்னொரு 420 அடிச் செங்குத்துத் தூண். அவ்வளவு உயரத்தில் காற்று கொஞ்சம் கூடினாலே நிறுத்திவிடுவார்கள். 2024 மே மாதம் திறந்து சில நாளில் மூடி, அந்த ஆண்டு முழுவதும் ஓடாமல், 2025-ல் மீண்டும் ஓடத் தொடங்கிய ரைடு இது. இதை மட்டும் நேர அட்டவணையில் வைக்காதீர்கள். ஓடுவதைப் பார்த்ததும் போய் நின்றுவிடுங்கள்.

2025-ல் வந்த சைரன்ஸ் கர்ஸ், ரயிலை 160 அடி உச்சியில் தண்டவாளத்துண்டோடு சேர்த்து 90 பாகை முன்னால் சாய்த்து, கீழே உள்ள தண்டவாளத்தோடு பொருத்தி விடுவது. பொருத்தம் சரியாகப் பூட்டியதை உணரிகள் உறுதி செய்தால்தான் ரயில் விடுபடும். சந்தேகம் வந்தால் அப்படியே நிற்கும்.

எந்தக் கோஸ்டரும் மேட்டில் நின்றால் பதற வேண்டாம். தண்டவாளம் பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தில் ஒரு ரயில்தான். முன்னால் போன ரயில் நிலையத்தில் தாமதமானால், பின்னால் வரும் ரயிலைக் கணினி மேட்டிலோ பிரேக்கிலோ நிறுத்திவிடும். பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்வதன் அடையாளம் அது. மடிக்கம்பியைத் தளர்த்த முயலாமல், தலையைப் பின்னால் சாய்த்து உட்காருங்கள். இறக்க வேண்டி வந்தால் ஊழியரே வந்து ஒவ்வொருவராகப் படிவழியே அழைத்துச் செல்வார்.

மின்னல் நின்று ரைடுகள் திறக்கும் அந்த அரைமணி நேரம் தங்கம். கூட்டம் காருக்குப் போயிருக்கும். மழை வந்ததும் வெளியேறாமல் ஏதாவது கூரைக்கடியில் நின்று பொறுத்திருந்தவர்களுக்கு இரண்டு மூன்று ஏற்றம் சும்மா கிடைக்கும்.

மாலை

ஐந்து மணிக்கு மேல் முன்பகுதிக்கு வாருங்கள். காலையில் அங்கே நின்ற கூட்டம் இப்போது கடைசியில் இருக்கும். ராப்டர், வால்ரேவன், கேட்கீப்பர் மூன்றையும் வரிசையாக முடிக்கலாம். கேட்கீப்பரில் இருக்கைகள் தண்டவாளத்தின் இரு பக்கமும் இறக்கை போல நீட்டிக்கொண்டிருக்கும். வாசல் கோபுரங்களின் சாவித்துளை வழியே நுழையும்போது கையை நீட்டப் பயம் வரும்.

அந்தி சாயும்போது மேக்னத்தில் இருங்கள். 1989-ல் 200 அடியைத் தாண்டிய உலகின் முதல் முழுச்சுற்றுக் கோஸ்டர் அது. உச்சியில் ஒரு பக்கம் முழுக்க ஏரி, ஜூனில் ஒன்பது மணி வாக்கில்தான் சூரியன் மறையும். தண்டவாளம் பழசு, தொடை மேல் கம்பி அழுத்தும். கம்பியை மெல்ல இறக்கி, மேடுகளில் கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டால் வலிக்காது.

மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் சேர்ந்துவிட்டவர்களை வழக்கமாக ஏற்றிவிடுவார்கள். ஆகவே மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு மில்லினியம் ஃபோர்ஸ் வரிசையில் நில்லுங்கள். இருட்டில் அதன் முதல் இறக்கத்தின் அடி தெரியாது. பகலில் ஏறிய ரைடா இது என்று தோன்றும். இறங்கி நிதானமாக வாசலுக்கு நடந்து வருவதற்குள் காஸ்வேயின் கார் நெரிசலும் பெரும்பகுதி கலைந்திருக்கும். அப்படியும் கலையவில்லையென்றால் வண்டியைக் கிளப்பாமல் கதவைத் திறந்துவைத்து, காலையில் மிச்சம் வைத்த புளியோதரையை எடுங்கள்.